குழாய் திறந்தது; கை ஏன் இன்னும் எழவில்லை?

கழுத்துத் தமனியில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்ட பக்கவாத நோயாளி எதனால் தேறுகிறார், எதனால் தேறாமல் போகிறார் என்பதே இன்றைய உரையின் பொருள்.

நரம்பியல் வார்டுகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள், டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மகனோ மகளோ கேட்பார்கள்: "அடைப்பை எடுத்துட்டோம், ரத்தம் நல்லா ஓடுதுன்னு சொன்னீங்களே டாக்டர். அப்பாவுக்குக் கை ஏன் இன்னும் தூக்க வரலை?" அந்தக் கேள்வியில் ஏமாற்றம் இருக்கிறது, கட்டிய பணத்தின் கணக்கு இருக்கிறது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் நின்ற இடத்தில் நின்று இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி.

முதலில், அந்தக் கழுத்துக்குள் நடப்பது என்ன?

மனித மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடல் வாங்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதைச் சுமந்து செல்லும் பெரிய குழாய்கள், கழுத்தின் இரு பக்கமும் ஓடும் கரோட்டிட் தமனிகள். தாடைக்குக் கீழே, விரல் வைத்தால் துடிப்பு தெரியும் இடத்துக்கு அருகில், அந்தத் தமனி இரண்டாகக் கிளை பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்குப் போகிறது. இன்னொன்று மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. கிளை பிரியும் இடத்தில் ரத்தம் சுழித்து ஓடும். அந்தச் சுழிப்பில்தான் கொழுப்பு படிகிறது, ஆண்டுக்கணக்கில் தடிக்கிறது, ஒரு நாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் உறையும் ரத்தக்கட்டியின் துணுக்கு மேலே போய் மூளையின் சிறு குழாயை அடைக்கும்போது வாய் கோணுகிறது, கை விழுகிறது, பேச்சு குழறுகிறது.

இன்று மருத்துவ மாணவர்கள் முதல் பாடத்திலேயே படிக்கும் இந்தச் செய்தி, 1951 வரை தெளிவாக நிலைநாட்டப்படவில்லை. கனடாவைச் சேர்ந்த மில்லர் ஃபிஷர்தான் இறந்தவர்களின் மூளையோடு கழுத்தையும் திறந்து பார்த்து, பக்கவாதத்தின் வேர் பல நேரம் கழுத்தில் இருப்பதைக் காட்டினார். மூன்று ஆண்டுகளில், 1954இல், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள் சுருங்கிய கரோட்டிட் பகுதியை வெட்டி நீக்கித் தைத்த வெற்றிச் செய்தியை வெளியிட்டார்கள். கழுத்தைத் திறக்காமலே, தொடை வழியாகக் கம்பி செலுத்திப் பலூனால் விரித்து, நிட்டினால் என்னும் நிக்கல், டைட்டானியக் கலப்பு உலோக வலையை உள்ளே நிறுத்தும் முறை அதற்குப் பல பத்தாண்டுகள் பின்னால் வந்தது. அதுதான் நாம் சொல்லும் ஸ்டென்ட்.

இந்த சிகிச்சைகள் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டன? விழுந்த கையை எழுப்பவா? இல்லை, அடுத்த பக்கவாதம் வராமல் தடுக்க. 1991இல் வெளியான நாஸ்செட் என்னும் வட அமெரிக்க ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒரு முறை தற்காலிகப் பக்கவாதமோ சிறு பக்கவாதமோ எச்சரிக்கையாக வந்து, தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தவர்கள் அதில் சேர்ந்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் இரண்டு ஆண்டுக்குள் அதே பக்கத்தில் மீண்டும் பக்கவாதம் வந்தவர்கள் 26 சதவீதம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 9 சதவீதம். பெரிய லாபம். ஆனால் அந்த ஆய்வு எண்ணியது வரப்போகும் பக்கவாதங்களை. வந்துவிட்ட பக்கவாதம் எவ்வளவு ஆறியது என்பதை அளக்க அது நடத்தப்படவில்லை. பின்னால் வந்த ஸ்டென்ட் ஆய்வுகளும் அந்தக் கணக்கையே போட்டன.

மதகைத் திறந்தால் வாடிய பயிர் நிமிரும். கருகிய பயிர் நிமிராது. மூளையில் ரத்தம் குறைந்து, உயிர் இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கும் பகுதி இருந்தால், குழாய் திறந்தபின் அது விழித்துக்கொள்ளக்கூடும். ஸ்டென்டுக்குப் பிறகு "தலை தெளிவாச்சு" என்று சிலர் சொல்வதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் செத்த பகுதியை எந்த ஸ்டென்டும் உயிர்ப்பிக்காது. ஸ்டென்ட் அடுத்த அடியைத் தடுக்கும். விழுந்த அடியை ஆற்றுவது வேறு வேலை. அந்த வேறு வேலையை எவையெவை செய்கின்றன, எவையெவை கெடுக்கின்றன என்பதை இனி வரிசையாகப் பார்ப்போம்.

ஸ்டென்டுக்கு முன்பே முடிவாகிவிடுபவை சில. முதலாவது, எவ்வளவு மூளை செத்தது என்பது. பெரிய குழாய் அடைபட்ட பக்கவாதத்தில், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். காலையில் கை மரத்துப்போனதைத் 'தூக்கத்தில் அழுந்திவிட்டது' என்று விட்டுவிட்டு மாலையில் வந்தவருக்கும், அரைமணி நேரத்தில் 108இல் ஏறி வந்தவருக்கும் பின்னால் ஒரே ஸ்டென்ட் வைக்கலாம். ஒரே விளைவை எதிர்பார்க்க முடியுமா?

இரண்டாவது, மாற்றுப் பாதை. மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வளையம் அமைக்கின்றன. 1664இல் தாமஸ் வில்லிஸ் தம் நூலில் அதை விளக்கினார். அந்த நூலுக்கு மூளைப் படங்கள் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோஃபர் ரென். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கத்து ரத்தம் இந்த வளையத்தின் வழியாக வந்து காப்பாற்றும். ஆனால் எல்லோருக்கும் இந்த வளையம் முழுமையாக அமைவதில்லை. பலருக்கு ஒரு கண்ணி மெலிந்தோ விடுபட்டோ இருக்கும். ஒரே அளவு அடைப்பு இருந்தும் ஒருவர் நடந்து வருகிறார், இன்னொருவர் ஸ்ட்ரெச்சரில் வருகிறார் என்றால், வேறுபாட்டில் ஒரு பங்கு இந்த வளையத்துக்கு உரியது.

மூன்றாவது, எந்தப் பக்கம், எந்த இடம் என்பது. இடப்பக்க மூளை அடிபட்டால் பலருக்குப் பேச்சு போகிறது. வீட்டார் உடனே கவனிக்கிறார்கள். வலப்பக்க மூளை அடிபட்டால் பேச்சு இருக்கும். ஆனால் சிலருக்கு இடப்பக்க உலகமே மறந்துபோகும். தட்டின் இடப்பாதியில் சோறு அப்படியே இருக்கும். இடக்கை தன்னுடையது இல்லை என்பார்கள். நன்றாகப் பேசுகிறாரே என்று குடும்பம் நிம்மதி அடையும். பயிற்சியில் பின்தங்குபவர் பல நேரம் இவர்தான்.

நான்காவது, எப்போது குழாயைத் திறப்பது என்பது. அறுவை சிகிச்சை பற்றிப் பீட்டர் ராத்வெல் குழுவினர் 2004இல் காட்டிய கணக்கு புகழ்பெற்றது: எச்சரிக்கை வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால் 5 பேருக்குச் செய்யும்போது ஒருவருக்குப் பக்கவாதம் தடுக்கப்படுகிறது, 12 வாரம் கழித்துச் செய்தால் 125 பேருக்குச் செய்தால்தான் ஒருவர் தப்புகிறார். காத்திருப்பதன் விலை அவ்வளவு. ஆனால் ஸ்டென்டை முதல் சில நாட்களிலேயே, படிவு இன்னும் புண்ணாக இருக்கும்போதே செலுத்தினால் துணுக்கு உதிரும் ஆபத்து கூடுகிறது. சீக்கிரம் வேண்டும், அவசரம் கூடாது. இந்தத் தராசை நிறுத்துப் பார்ப்பதுதான் மருத்துவரின் திறமை.

இனி ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபின் உள்ளே போவோம்.

அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: செய்வது யார்? பிரான்சில் நடந்த இவா-3எஸ் ஆய்வை 527 பேரோடு பாதியிலேயே நிறுத்தினார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் 3.9 சதவீதம். ஸ்டென்ட் வைத்தவர்களில் 9.6 சதவீதம். ஸ்டென்ட் பொருத்திய மருத்துவர்கள் சிலருக்கு அனுபவம் போதவில்லை என்ற விமர்சனம் உடனே எழுந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,502 பேரிடம் நடந்த கிரெஸ்ட் ஆய்வு வேறு வழியில் போனது. ஸ்டென்ட் வைக்க விண்ணப்பித்த 427 மருத்துவர்களில் தேர்ந்தெடுத்தது 224 பேரைத்தான். 2010இல் முடிவு வந்தபோது, பக்கவாதம், மாரடைப்பு, மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரு முறைகளும் ஏறக்குறைய சமம். ஆனால் சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்டில் 4.1 சதவீதம், அறுவையில் 2.3 சதவீதம். மாரடைப்பு நேர்மாறாக, ஸ்டென்டில் 1.1, அறுவையில் 2.3.

இரண்டாம் கேள்வி: நோயாளியின் வயது என்ன? மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 70 வயதுக்குக் கீழே பக்கவாதமோ மரணமோ நேரும் ஆபத்து ஸ்டென்டிலும் அறுவையிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான், 5.8, 5.7 சதவீதம். எழுபதைத் தாண்டியவர்களில் அறுவை 5.9இல் நிற்க, ஸ்டென்ட் 12.0 சதவீதத்துக்கு ஏறியது. வயது ஏற ஏறப் பெருந்தமனியின் வளைவு கோணலாகிறது, சுவரில் சுண்ணாம்பு படிகிறது. கம்பி வளைந்து நெளிந்து போகையில் உரசி உதிர்க்கிறது. துணுக்கைப் பிடிக்க மேலே ஒரு நுண்வடிகட்டி விரிக்கிறார்கள் என்றாலும் எல்லாம் சிக்குவதில்லை. அந்த மூன்றில் ஒன்றான ஐசிஎஸ்எஸ் ஆய்வின் ஒரு பகுதியாக எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களில் 50 சதவீதத்தினருக்கும் அறுவை செய்தவர்களில் 17 சதவீதத்தினருக்கும் மூளையில் புதிய சிறு புள்ளிகள் இருந்தன. பெரும்பாலானவை வெளியே தெரியாதவை. தெரியாதவை என்பதால் அந்தப் புள்ளிகள் பொருட்டே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

மூன்றாம் கேள்வி: ரத்த அழுத்தம் எப்படி? கரோட்டிட் கிளை பிரியும் இடத்தில் அழுத்தத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. பலூன் அவற்றை அமுக்கியதும் இதயத்துடிப்பு குறையலாம், பிரஷர் சரியலாம். சிலருக்கு அது ஓரிரு நாள் நீடிக்கும். ஏற்கெனவே பக்கவாதம் வந்த மூளை அந்தச் சரிவைத் தாங்காது. மறுபக்கம் இன்னொரு ஆபத்து. ஆண்டுக்கணக்கில் குறைந்த ரத்தத்துக்குப் பழகிய குழாய்களில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தால் அவை சுருங்கிக் கட்டுப்படுத்தத் தெரியாமல் திணறும். ஒரு பக்கத் தலைவலி, வலிப்பு, அரிதாக மூளைக்குள் ரத்தக்கசிவு. இது வீட்டுக்குப் போன பிறகும், முதல் சில வாரங்களுக்குள் வரலாம். ஸ்டென்ட் வைத்தவருக்குக் கடும் தலைவலி வந்தால் தைலம் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது. பிரஷர் பார்த்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அன்பர்களே, இதுவரை சொன்னவை முன்பே முடிவாகிவிடுபவையும் டாக்டர் கையில் இருப்பவையும். இனி வருபவை செவிலியர் கையில், சிகிச்சையாளர் கையில், வீட்டார் கையில் இருப்பவை. தேறுதலின் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 19 பக்கவாதப் பிரிவுகளில் செவிலியர்கள் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. விலை உயர்ந்த மருந்து ஒன்றும் இல்லை. மூன்றே மூன்று காரியங்கள்: காய்ச்சல் வந்தால் உடனே தணிப்பது, சுகரைக் கட்டுக்குள் வைப்பது, விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே வாய்வழி எதையும் கொடுப்பது. 90 நாள் கழித்து, இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ வேண்டியவர்களும் வழக்கமான பிரிவுகளில் 58 சதவீதம். இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்த பிரிவுகளில் 42 சதவீதம். எத்தனை மருந்துகளுக்கு இந்தப் பலன் உண்டு?

இதில் மூன்றாவதைக் கவனியுங்கள். மயக்கம் தெளிந்ததும் "ஒரு வாய் காபி" என்று புகட்டும் பாசம் நம் வீடுகளில் உண்டு. பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கலாம். காபி உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போகும். புரையேறி இருமினாலாவது தெரியும். சிலருக்கு இருமலே வராது. இரண்டு நாளில் நிமோனியா. அதோடு பயிற்சி நிற்கிறது, வாரங்கள் வீணாகின்றன.

சரி, எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பது? சீக்கிரம் எழுப்பினால் சீக்கிரம் தேறுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவெர்ட் என்னும் ஆய்வு ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் அதைச் சோதித்தது. 24 மணி நேரத்துக்குள், அடிக்கடி, அதிகமாகப் படுக்கையை விட்டு எழுப்பிய குழுவில் நல்லபடி தேறியவர்கள் 46 சதவீதம். வழக்கமான வேகத்தில் போன குழுவில் 50 சதவீதம். அதிகம் செய்தது நன்மைக்குப் பதில் தீமையாயிற்று. பின்னர் ஆராய்ந்தபோது, ஒரே மூச்சில் நெடுநேரம் செய்வதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை செய்தவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. முதல் நாளே நடக்கவைத்துப் பார்க்கும் ஆவேசமும் வேண்டாம், மாதக்கணக்கில் கட்டிலிலேயே வைத்துத் தாங்கும் பாசமும் வேண்டாம்.

முதல் மூன்று மாதம் பொன்னான காலம். தேறுதல் வேகமாக நடப்பது அப்போதுதான். ஆறு மாதத்துக்குப் பிறகு வேகம் குறையும். ஆனால் கதவு மூடிவிடுவதில்லை. அதற்கு ஒரு நல்ல சான்று எக்சைட் ஆய்வு. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன, விரலையும் மணிக்கட்டையும் சிறிதேனும் அசைக்க முடிந்த 222 பேர் அமெரிக்காவில் அதில் சேர்ந்தார்கள். ஒரு குழுவுக்கு, நல்ல கையில் கையுறை மாட்டி முடக்கிவிட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, இரண்டு வாரம், பலவீனக் கையாலேயே சாப்பிட வேண்டும், கதவு திறக்க வேண்டும், பொத்தான் போட வேண்டும். அந்தக் கை தேறியது. ஓராண்டுக்குப் பிறகும் அந்தத் தேர்ச்சி நிலைத்திருந்தது. நம் வீட்டில் என்ன நடக்கிறது? "நீங்க சும்மா இருங்கப்பா, நான் ஊட்டுறேன்" என்கிறோம். அந்த அன்பில் கை இன்னும் கொஞ்சம் மறந்துபோகிறது.

அப்படியானால் வீட்டாரே பயிற்சி கொடுத்துவிடலாமா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே விடை தேடினார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளோடு நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017இல் லான்செட்டில் வெளியானது. ஒரு குழுவில் குடும்பத்தினருக்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் இரண்டு குழுவிலும் 47 சதவீதம். கொஞ்சம்கூட வேறுபாடு இல்லை. குடும்பத்தின் பாசத்தைக் குறை சொல்லும் முடிவு இல்லை இது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் இடத்தைப் பாசத்தால் நிரப்ப முடியாது என்று சொல்லும் முடிவு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. பக்கவாதக் குடும்பங்கள் கேட்டுப் பெற வேண்டிய உதவி அது.

ஒரு மாத்திரையால் கையை எழுப்பிவிட முடியுமா என்றும் பார்த்தார்கள். 2011இல் பிரான்சில் 118 பேரிடம் நடந்த ஆய்வில் ஃபுளுவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து கையின் அசைவைக் கூட்டியதாகத் தெரிந்ததும் உலகமே துள்ளியது. 2019இல் பிரிட்டனில் 3,127 பேரிடம் சோதித்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. எலும்பு முறிவுதான் கூடியது. மனச்சோர்வு மட்டும் குறைந்தது.

அந்த மனச்சோர்வைத் தள்ளிவிடக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. "எனக்கு வேண்டாம், விடுங்க" என்று பயிற்சியிலிருந்து முகம் திருப்புபவரைப் பிடிவாதக்காரர், சோம்பேறி என்று திட்டுகிறோம். அது அடிபட்ட மூளையின் நோய். அதற்கு மருந்தும் உண்டு, மனநல ஆலோசனையும் உண்டு.

கடைசியாக, மாத்திரைப் பெட்டி. ஸ்டென்ட் என்பது ரத்தத்துக்குப் புதிய பொருள். அதைக் கண்டதும் ரத்தம் உறையப் பார்க்கும். அதனால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து, குறைந்தது நான்கு வாரமாவது கொடுக்கிறார்கள். பின்னர் டாக்டர் சொல்லும்போது ஒன்றை நிறுத்தலாம். பல் பிடுங்க வேண்டும் என்று இரண்டையும் தானாக நிறுத்துவது ஆபத்து. குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாற்றம் பெற்ற பிறகே வேலை செய்யும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி மரபணுக் காரணத்தால் சிலருக்கு மந்தமாக இருக்கும். தெற்காசியர்களிடம் இது அரிதன்று. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2024இல், பக்கவாதத்துக்குப் பின் இந்த மருந்தைத் தரும் முன் மரபணுப் பரிசோதனை செய்யப் பரிந்துரைத்தது.

கொழுப்பு மாத்திரையையும் விட்டுவிடக் கூடாது. 2006இல் வந்த ஸ்பார்க்கல் ஆய்வில் அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் மீண்டும் பக்கவாதம் வருவதை 16 சதவீதம் குறைத்தது. அதில் கரோட்டிட் சுருக்கம் இருந்த 1,007 பேரைத் தனியே பார்த்தால் குறைவு 33 சதவீதம். ஸ்டென்ட் ஒரு பக்கத்தின் சில சென்டிமீட்டரைத்தான் காக்கிறது. மறுபக்கக் கழுத்து, இதயம், கால், கண் எல்லாவற்றின் குழாயையும் காப்பது பிரஷர் மாத்திரையும் சுகர் கட்டுப்பாடும் கொழுப்பு மாத்திரையும்தான். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு பீடியும் சிகரெட்டும் தொடர்பவர், கட்டிய பணத்தைப் புகையாக ஊதுகிறார்.

ஆகவே, டிஸ்சார்ஜ் நாளன்று பில்லைக் கட்டிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடாதீர்கள். ஐந்து கேள்விகளுக்கு விடையைத் தாளில் எழுதி வாங்குங்கள். பிரஷர் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும்? இரண்டு ரத்த மாத்திரைகளில் எதை, எந்தத் தேதியில் நிறுத்துவது? விழுங்கும் சோதனை முடிந்ததா, எதைக் கொடுக்கலாம்? இயன்முறை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் வாரத்துக்கு எத்தனை நாள், யார் தருவார்கள்? ஸ்டென்ட் திறந்தே இருக்கிறதா என்று பார்க்கும் கழுத்து ஸ்கேன் எப்போது? தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் இதையும் எழுதுங்கள்: முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண் பார்வை திடீரென்று மறைந்தாலோ, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் 108.